நெய்வேலி பழைய மண்மேடும் பெருமாள் ஏரியும்: ஒரே நாளில் பார்க்க முடியுமா?

விருத்தாசலம் டீச்சர் (டிசம்பர் 6)

எல்லோருக்கும் வணக்கம். விருத்தாசலத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். மூன்று வருடமாக ஒரு சின்னக் குழுவாகச் சேர்ந்து பறவை பார்க்கப் போகிறோம். இதுவரை போனதெல்லாம் வீராணம் ஏரிக்கரைதான். இந்தப் பொங்கல் விடுமுறையில் வேறு மாதிரி ஒரு நாள் போகலாம் என்று ஆசை. நெய்வேலியில் நிலக்கரி எடுத்து முடித்து மண் கொட்டி மூடி மரம் வைத்திருக்கிறார்களே, அந்தப் பழைய மண்மேடுகளைக் காலையில் பார்த்துவிட்டு, வடலூர் குறிஞ்சிப்பாடி வழியாகப் பெருமாள் ஏரிக்கு வந்து சாயங்காலம் முடிக்கலாமா?

மொத்தம் பதினாலு பேர். அதில் நான்கு பேர் ஆறாவது ஏழாவது படிக்கும் பிள்ளைகள், இரண்டு பேருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. பைனாகுலர் மூன்றுதான் இருக்கிறது. ஒரு வேன் பேசியிருக்கிறேன்.

தயக்கத்துக்கு இரண்டு காரணம். ஒன்று, எங்கள் குழுவிலேயே ஒருவர், "அது வெறும் மண் குவியல், அங்கே மைனாவும் காக்காவும் தவிர என்ன இருக்கப்போகிறது, நேராக ஏரிக்குப் போவோம்" என்கிறார். அவர் சொல்வது சரியா? இரண்டாவது, போன வருடம் வேறொரு குழுவோடு சேர்ந்து போனோம், முப்பது பேருக்கு மேல் ஆகிவிட்டது. ஒருவர் போனிலிருந்து ஸ்பீக்கரில் பறவைக் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டு ஒரு செம்போத்தை வெளியே வரவழைத்தார், பிள்ளைகள் கை தட்டினார்கள், எனக்கு அன்றைக்கு வீட்டுக்கு வந்தும் மனசே சரியில்லை. அது மறுபடி நடக்கக் கூடாது. அந்தப் பக்கம் தெரிந்தவர்கள் வழி சொன்னால் நன்றாக இருக்கும்.

மந்தாரக்குப்பத்தான் (டிசம்பர் 6)

டீச்சர், அந்த நண்பரைக் கண்டிப்பாகக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் அந்த மண்மேட்டைப் பார்த்தே வளர்ந்தவன். அப்பா சுரங்கத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தார்.

முதலில் அந்த மேடு எப்படி வந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள், அது தெரிந்தால்தான் பறவை புரியும். நெய்வேலியில் 1957இல் தோண்ட ஆரம்பித்தார்கள், பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது 1961இல். அத்தனை மண் மேலே இருந்தது. பக்கெட் வீல் என்கிற ராட்சதச் சக்கர இயந்திரம் வெட்டும், கன்வேயர் பெல்ட் கிலோமீட்டர் கணக்கில் சுமந்துபோகும், மறுமுனையில் ஸ்ப்ரெடர் என்கிற பெரிய இயந்திரம் வீசிக் கொட்டும். கரி எடுத்து முடித்த பள்ளத்தையே பின்னாலேயே அந்த மண்ணால் மூடிக்கொண்டு போவார்கள். ஆரம்பத்தில் வெட்டிய மண்ணுக்குப் போட இடம் இல்லாததால் அது வெளியே மலை மாதிரி நின்றுவிட்டது. நீங்கள் சாலையில் இருந்து பார்க்கும் மேடு அதுதான். அதில் பெரும்பகுதி அடியாழத்து மண், களியும் மணலும் கலந்தது, மேல்மண் மாதிரி அதில் உயிர் இல்லை. ஒரு மழை பெய்தால் சரிவு முழுக்க வாய்க்கால் வாய்க்காலாக அறுத்துக்கொண்டு ஓடும்.

அதனால் ஒரே மேட்டில் மூன்று நான்கு வயது நிலம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஆள் வேறு. மொட்டையாகக் கிடக்கும் இடத்தில் மஞ்சள் மூக்கு ஆட்காட்டி, சாம்பல்தலை வானம்பாடி, வயல் நெட்டைக்காலி. புல் வந்த இடத்தில் கதிர்க்குருவியும் சில்லையும், அதிகாலையில் கௌதாரி கத்துவது காதில் விழாமல் இருக்காது. மரம் வைத்து அடர்ந்துபோன இடத்தில் கொண்டைக்குருவி, குயில், மயில், கரிச்சான். வெட்டிய மண் சுவர் செங்குத்தாக நிற்கும் இடத்தை ஒரு நிமிடம் கவனியுங்கள், இரண்டு மூன்று விரல் சேர்ந்து நுழையும் அளவுக்குப் பொந்து தெரிந்தால் அது பச்சைப் பஞ்சுருட்டான் போன சீசனில் குடைந்தது. ஜனவரியில் கூடு இருக்காது, ஆனால் மேலே கம்பியில் ஆள் உட்கார்ந்திருப்பார்.

அப்பா நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து ஒரு கதை சொல்வார். ஜீப் லைட் வெளிச்சத்தில் மண் ரோட்டின் நடுவே இரண்டு சிவப்புக் கண் தெரியும், கிட்டே போனதும் சத்தமே இல்லாமல் எழும்பிப் போய்விடும். வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் பயந்துபோவார்களாம். வெகுநாள் கழித்து ஒரு பறவைப் புத்தகத்தில் பக்கி என்கிற இராப்பறவையின் படத்தைக் காட்டினேன். "இதேதான்டா" என்று அப்படிச் சந்தோஷப்பட்டார், முப்பது வருடம் பார்த்த ஆளுக்கு அன்றைக்குத்தான் பெயர் கிடைத்தது.

இப்போது கண்டிப்பான விஷயம். வேலை நடக்கிற சுரங்கத்துக்குள்ளும் அதன் வேலிக்குள்ளும் அனுமதி இல்லாமல் காலே வைக்காதீர்கள். சுரங்க நிர்வாகத்துக்கு இப்போதே ஒரு கடிதம் எழுதுங்கள், பெயர்ப்பட்டியல், வயது, வண்டி எண், எந்த நேரம் என்று எல்லாம் போட்டு. அனுமதி கொடுத்தால் அவர்கள் காட்டும் வழியில் மட்டும் நடங்கள். கிடைக்கவில்லை என்றால் வருத்தப்பட வேண்டாம், பொதுச் சாலையோரம் நின்றே நிறையப் பார்க்கலாம். சரிவில் ஏறுவது மட்டும் வேண்டவே வேண்டாம். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம், கால் வைத்தால் அப்படியே இறங்கும். புல்லுக்குள் கண்ணாடிவிரியன் உண்டு, பிள்ளைகளுக்கு ஷூ கட்டாயம்.

கிழக்குக்கரை (டிசம்பர் 7)

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். எங்கள் நிலம் பெருமாள் ஏரிப் பாசனத்தில் இருக்கிறது, எனக்கு ஏரிப் பக்கம்தான் பேசத் தெரியும்.

நேரத்தை மாற்றுங்கள் என்று சொல்ல வந்தேன். எங்கள் பக்கம் நிலம் கடலைப் பார்த்துச் சரிகிறது, அதனால் ஏரிக்குக் கரை பெரும்பாலும் கிழக்கே. கரைமேல் நின்று நீரைப் பார்த்தால் மேற்கே பார்க்கிறீர்கள். காலையில் வெயில் உங்கள் முதுகில், பறவை மேல் நேராக வெளிச்சம், ஒவ்வொரு இறகும் தெரியும். சாயங்காலம் அதே கரையில் நின்றால் சூரியன் மூஞ்சியில் அடிக்கும், நீர் முழுக்கப் பளபளக்கும், வாத்தும் நாமக்கோழியும் எல்லாம் கறுப்புப் புள்ளிதான். முதல்முறை வருகிற பிள்ளைகள் அதைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ளும்?

இன்னொன்று, காணும் பொங்கல் அன்றைக்கு எந்த ஏரிக்கரைக்கும் போகாதீர்கள், கூட்டம் தாங்காது. தைப்பூசமும் அதை ஒட்டி வந்தால் வடலூர்ச் சாலையில் வேன் நகராது, தேதி பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண நாளாக இருந்தால் வடலூர் நல்ல இடம். வள்ளலார் 1867இல் தொடங்கிய தருமசாலையில் மதியம் எல்லோரும் சாப்பிட்டுவிடலாம், பதினாலு பேருக்குக் கட்டுச்சோறு சுமக்க வேண்டியதில்லை.

ஏரியில் மீன் பிடிக்கிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குக் கையை ஆட்டி ஒரு வார்த்தை பேசிவிட்டு நில்லுங்கள். எந்த ஓரத்தில் இன்றைக்குப் பறவை அடைந்திருக்கிறது என்று அவர்களைவிட யாருக்கும் தெரியாது. நீரில் வலை கிடக்கும், பிள்ளைகளை இறங்க விடாதீர்கள்.

பொரி உள்ளான் (டிசம்பர் 7)

கிழக்குக்கரை ஐயா சொன்ன வெளிச்சக் கணக்கு முழுக்கச் சரி. ஆனாலும் காலையை மண்மேட்டுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பேன். ஜனவரி நடுவில் நம் பக்கம் சூரியன் ஆறரை மணியை ஒட்டி எழுகிறது. வானம்பாடி, கதிர்க்குருவி, கௌதாரி எல்லாம் அதிலிருந்து இரண்டு மணி நேரம்தான் முழு மூச்சாக இயங்கும். ஒன்பது மணிக்கு மண் சூடேறிவிட்டால் குரலும் இல்லை, ஆளும் இல்லை, உங்கள் நண்பர் சொன்ன மைனாவும் காக்காவும்தான் மிச்சம். (அவர் பத்து மணிக்குப் போய்ப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.) ஏரிப் பறவை அப்படி இல்லை. வாத்து பகல் முழுக்க நீரிலேயே மிதந்துகொண்டு கிடக்கும், கூழைக்கடா எங்கேயும் ஓடிப்போகாது.

வெளிச்சத்துக்கு ஒரு வழி உண்டு. கரையின் நடுவில் நிற்காமல் தெற்குக் கோடிக்குப் போய் வடக்கே பார்த்து நில்லுங்கள். மூன்றரை மணிக்கு வெயில் இடது தோளுக்குப் பின்னால் போய்விடும். ஜனவரியில் சூரியன் தென்மேற்கில்தானே இறங்குகிறது, அதனால் இது நன்றாகவே வேலை செய்யும். ஐந்தரைக்கு மேல் கண்ணை வானத்துக்கு மாற்றிவிடுங்கள், கொக்கும் நீர்க்காகமும் அரிவாள் மூக்கனும் அடையப் போகிற நேரம், பின்வெளிச்சத்தில் உருவத்தையும் பறக்கிற விதத்தையும் வைத்துச் சொல்லப் பிள்ளைகள் பழகலாம். நாரை கழுத்தை நீட்டிப் பறக்கும், கொக்கு மடித்துக்கொள்ளும். இதை ஒரு முறை கண்ணால் பார்த்த பிள்ளை ஆயுசுக்கும் மறக்காது.

பதினாலு பேரை இரண்டாகப் பிரியுங்கள். ஏழு பேர் வரிசையாக நடந்தால் ஆட்காட்டி ஒருமுறை கத்திவிட்டு அடங்கிவிடும். பதினாலு பேர் பரவி நடந்தால் அது விடாமல் கத்தி ஊரையே எழுப்பிவிடும், அந்தச் சத்தத்தில் மற்றதெல்லாம் எழும்பிப் போகும். பைனாகுலரை ஒருவரே கழுத்தில் மாட்டிக்கொண்டிருக்காமல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற்றுங்கள், வாங்கியவுடன் அவரவர் கண்ணுக்குத் திருகிச் சரி செய்யக் கற்றுக்கொடுத்து விடுங்கள், பாதிப் பேர் மங்கலாகவே பார்த்துவிட்டுக் கூச்சத்தில் சொல்லாமல் கொடுத்துவிடுவார்கள்.

குரல் போடும் விஷயத்தில் உங்கள் மனசுதான் சரி. அந்தச் செம்போத்துக்கு அது தன் இடத்துக்குள் புகுந்த இன்னொரு செம்போத்து. மேய்வதை விட்டுவிட்டுச் சண்டைக்கு வருகிறது. வேன் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள், போனில் குரல் கேட்டுப் பழகுவதெல்லாம் வீட்டில்.

பொங்கல் விடுமுறை என்கிறீர்கள், அப்படியே பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் சேர்ந்துவிடுங்கள். 2015இல் இருந்து நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஒரு இடத்தில் பார்த்து, பார்த்த எல்லா இனத்தையும் எண்ணிக்கையோடு இ-பேர்டு என்கிற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால் போதும். ஒரு வேண்டுகோள், மண்மேட்டையும் ஏரியையும் ஒரே பட்டியலில் போட்டுவிடாதீர்கள். மண்மேட்டிலேயே மொட்டை நிலம், புல், மரம் மூன்றுக்கும் மூன்று பட்டியல் போட்டால் இன்னும் நல்லது. வீராணத்துக்கும் பெரிய ஏரிகளுக்கும் ஆட்கள் போகிறார்கள், மூடிய சுரங்க நிலத்தில் எந்தப் புல்லில் எது இருந்தது என்று வருடா வருடம் எழுதி வைக்கிறவர்கள் குறைவு. பத்து வருடம் கழித்து அங்கே மரம் முழுக்க மூடிவிட்டால், முன்னால் வானம்பாடி இருந்தது என்பதற்கு உங்கள் பட்டியல்தான் சாட்சி.

கொல்லைமேடு (டிசம்பர் 8)

எல்லாம் படித்தேன், போய் வாருங்கள். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ள வந்தேன்.

என் பாட்டி பிறந்த ஊர் இப்போது வரைபடத்தில் இல்லை, சுரங்கம் இருக்கும் இடத்தில் இருந்தது. செம்மண் கொல்லை, முந்திரி, பனை, பலா, ஊர் ஓரத்தில் ஐயனார் கோயில், அதைச் சுற்றி ஒரு காடு, அதில் யாரும் சுள்ளிகூடப் பொறுக்க மாட்டார்கள் என்பாள். மூடிய நிலத்தில் மரம் வைத்திருப்பது நல்ல காரியம், வைக்காமல் விட்டதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் தைலமரமும் சவுக்கும் வரிசையாக நிற்பது அந்தக் காடு இல்லை. தைலமரத் தோப்புக்குள் நின்று காது கொடுத்துப் பாருங்கள், அப்புறம் வெளியே எங்காவது பழைய வேம்பும் ஆலும் இருக்கும் ஒரு கோயில் தோப்பில் நின்று கேளுங்கள். அந்த வித்தியாசத்தைப் பிள்ளைகள் தாங்களே சொல்வார்கள்.

மந்தாரக்குப்பத்துத் தம்பி மொட்டை நிலத்து வானம்பாடியைப் பற்றிச் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்தது. காலி நிலத்தைப் பார்த்தாலே நமக்கு மரம் வைக்கக் கை துறுதுறுக்கிறது. புல்லும் ஒரு வீடுதான், தரையில் முட்டையிடுகிற ஆட்காட்டிக்கும் கௌதாரிக்கும் அதுதான் வீடு. கொஞ்சம் புல்லாகவே விடச் சொல்லி யாராவது எழுதிக் கேட்க வேண்டும். உங்கள் பட்டியலை வைத்துக் கேட்டால் இன்னும் பலமாக இருக்கும்.

மந்தாரக்குப்பத்தான் (டிசம்பர் 8)

கொல்லைமேடு அண்ணா, நீங்கள் சொன்னது மனதில் தைத்தது. அப்பாவும் அந்தக் கோயில் காட்டைப் பற்றிப் பேசுவார்.

முந்தைய பதிவில் ஒன்று விட்டுவிட்டேன் டீச்சர். மண்மேட்டையும் பெருமாள் ஏரியையும் ஒரே நாளில் பார்க்க நீங்கள் நினைத்தது நல்லதற்குத்தான், ஏனென்றால் இரண்டும் தண்ணீரால் சேர்ந்தவை. கரிப் படுகைக்கு அடியில் ஊற்று நீர் பெரிய அழுத்தத்தில் இருக்கிறது. அதை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காமல் கரியை வெட்டினால் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். அதனால் ராத்திரி பகல் பம்பு ஓடும். இறைத்த நீர் அனல்மின் நிலையத்துக்கும் நெய்வேலி நகரியத்துக்கும் போகிறது. சுரங்கத்துக்குள் சேரும் மழைநீரையும் வெளியே இறைக்க வேண்டும். வெளியே விடும் நீர் வாய்க்கால் வழியாகப் பரவனாற்றில் சேர்ந்து வாலாஜா ஏரி, அதற்குப் பிறகு பெருமாள் ஏரி என்று போகிறது. மழை தவறினாலும் அந்த ஏரிகளில் ஈரம் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். மறுபக்கம், அதே நீரோடு மண்ணும் கரித்தூளும் வந்து ஏரி தூர்ந்துபோனதும் உண்மை. நேரம் இருந்தால் நடுவில் வாலாஜா ஏரியிலும் நின்று அந்தச் சேற்றின் நிறத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

கிழக்குக்கரை (டிசம்பர் 9)

தம்பி சொன்னது சரி. எங்களுக்குத் தண்ணீர் வேண்டும், அதோடு வருகிற மண் வேண்டாம். தூர்ந்த ஏரியில் நீர் பரந்து நிற்கும், ஆழம் இருக்காது, சீக்கிரம் வற்றும். காலை நனைத்து மேய்கிற உள்ளானுக்கு அது கொண்டாட்டம், முக்குளிக்கிற பறவைக்கும் எங்கள் நெல்லுக்கும் திண்டாட்டம்.

ஜனவரியில் மழைநீர் நிறைய நின்றால் உள்ளான் குறைவாகத்தான் தெரியும், வருத்தப்படாதீர்கள் அம்மா. பிப்ரவரி கடைசியில் நீர் வற்றி ஓரம் வெளியே வந்ததும் இன்னொரு முறை வாருங்கள். தெற்குக் கோடி யோசனை நல்ல யோசனை, எனக்குத் தோன்றவில்லை.

விருத்தாசலம் டீச்சர் (ஜனவரி 19)

போய் வந்துவிட்டோம். விடுமுறையின் கடைசி நாள். பேருந்தில் வரவேண்டியவர் ஒருவர் வராததால் பதிமூன்று பேர். இங்கே எழுதிய எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு நடந்ததைச் சொல்கிறேன்.

கடிதத்துக்குப் பதில் வந்து சேரத் தாமதமாகிவிட்டது, அதனால் வேலிக்கு உள்ளே போகவில்லை. பொதுச் சாலையிலேயே ஆறே முக்காலுக்கு இறங்கினோம். பனி இன்னும் விலகவில்லை, தூரத்தில் கன்வேயர் ஓடும் சத்தம் மட்டும் ஒரே சீராகக் கேட்டது. ஐந்து நிமிடம் யாரும் பேசக்கூடாது என்று சொல்லியிருந்தேன். மூன்றாவது நிமிடத்தில் கௌதாரி ஆரம்பித்தது, ஒன்று கத்த இன்னொன்று எதிர்ப்பக்கத்தில் இருந்து பதில் சொல்ல, அப்படியே மேடு முழுக்கப் பரவியது. காவ்யாவின் தாத்தா (பெயரை மாற்றியிருக்கிறேன்) கண்ணை மூடிக்கொண்டு நின்றார். சின்ன வயதில் முந்திரிக் கொல்லையில் கேட்டது, அதற்குப் பிறகு இப்போதுதான் கேட்கிறேன் என்றார்.

மொட்டை நிலத்தில் மஞ்சள் மூக்கு ஆட்காட்டி நான்கு. சாம்பல்தலை வானம்பாடி முதலில் ஒன்றுகூட இல்லை என்று நினைத்தோம், மண் நிறத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, ஒரு பையன்தான் "மிஸ், அந்தக் கல் நடக்குது" என்றான். பார்த்தால் பதினொன்று. மண்மேட்டுக்கு வரவே மாட்டேன் என்ற நண்பர் அந்த இடத்தைவிட்டு நகர மறுத்துவிட்டார், அவரை வேனுக்குக் கூட்டிவருவதே பெரும்பாடாகிவிட்டது. புல்லில் சில்லைக் கூட்டம், கம்பியில் பஞ்சுருட்டான், ஒரு பனங்காடை சாலையைக் குறுக்கே கடந்தபோது சிறகு விரிந்து அந்த நீலம் தெரிந்ததும் எல்லோரும் ஒரே குரலில் "ஆ" என்றோம், மௌனமெல்லாம் அங்கே போச்சு.

கொல்லைமேடு ஐயா சொன்னபடி தைலமரத் தோப்பு ஓரத்தில் பத்து நிமிடம் நின்றோம். காதில் விழுந்தது காற்றின் சத்தமும் ஒரே ஒரு கரிச்சானும்தான். அப்புறம் வடலூர் போகும் வழியில் ஒரு பழைய கோயில் தோப்பில் அதே பத்து நிமிடம். குயில், குக்குறுவான், மரங்கொத்தி, மாம்பழச்சிட்டு, தேன்சிட்டு, அணில் வேறு. பிள்ளைகள் எண்ணி எழுதினார்கள், தோப்பில் பதினான்கு இனம், தைலத்தில் கண்ணில் பட்டதையும் சேர்த்து மூன்று. மணி ஒன்பதரை ஆகிவிட்டதால் ஒப்பிடுவது முழுக்க நியாயம் இல்லை என்று அவர்களே சொன்னார்கள், எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம். உங்கள் பாட்டியின் ஊரைப் பற்றி அங்கே வைத்துச் சொன்னேன் ஐயா. ஒரு பெண் அந்த ஊரின் பெயர் என்ன என்று கேட்டாள், எனக்குத் தெரியவில்லை. எழுதினால் அவளிடம் சொல்லிவிடுவேன்.

தருமசாலையில் சாப்பிட்டோம். வாலாஜா ஏரியில் அரை மணி நேரம்தான். ஓரத்துச் சேற்றைக் குச்சியால் கிளறிப் பார்த்தார்கள், மேலே ஒரு நிறம், கீழே கறுப்பு. அந்தச் சேற்றிலேயே நெடுங்கால் உள்ளான் இருபதுக்கு மேல் மேய்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் வரும் வழியைத் தரையில் படம் போட்டுக் காட்டினேன்.

பெருமாள் ஏரிக்கு வந்தபோது மணி மூன்றே கால். கரை ஏறியதும் நடுவில் நின்று பார்த்தோம், ஐயா சொன்ன கறுப்புப் புள்ளிகள்தான். தெற்குப் பக்கம் நடந்து போய்த் திரும்பிப் பார்த்ததும் அத்தனைக்கும் நிறம் வந்துவிட்டது. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, சீழ்க்கைச் சிறகி, நாமக்கோழி எண்ண முடியாத அளவுக்கு, பத்துப் பத்தாகக் கட்டிக் கணக்கிட்டோம். சங்குவளை நாரை ஒன்பது, கூழைக்கடா இருபத்தாறு. இரண்டு நீளவால் இலைக்கோழி தாமரை இலைமேல் நடந்தன, இந்த மாதத்தில் அந்த வால் இல்லாததால் வேறு பறவை என்று முதலில் நினைத்துவிட்டோம்.

நான் சாகும்வரை மறக்க முடியாதது நீர்க்காகங்கள். நூறுக்கு மேல் இருக்கும், ஒரு கோடு மாதிரி நீரில் பரவி நின்று எல்லாம் ஒரே பக்கமாக மீனை விரட்டிக்கொண்டு போயின. பின்னால் இருப்பவை பறந்து வந்து முன்னால் விழும், உடனே அடுத்தவை பின்னால் ஆகிவிடும், அவை எழும்பி முன்னால் போகும். ஓரத்தில் வெள்ளைக் கொக்குகள் அந்தக் கோட்டோடு கூடவே ஓடி, துள்ளி வெளியே வந்த மீனைக் கொத்தின. இருபது நிமிடம் அப்படியே. படகில் இருந்த ஒருவர் துடுப்பை நிறுத்திவிட்டு எங்களோடு சேர்ந்து பார்த்தார், தினமும் பார்க்கிறவர். அவருக்குக் கொஞ்ச நேரம் பைனாகுலர் கொடுத்தோம், வாங்கிக் கண்ணில் வைத்துத் தன் ஏரியையே புதிதாகப் பார்க்கிற மாதிரி நெடுநேரம் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஏழு பட்டியல் ஏற்றியிருக்கிறோம், மண்மேட்டுக்கு மட்டும் மூன்று. ஒன்றில் மட்டும் உதவி வேண்டும். ஐந்து மணிக்கு நாணலுக்கு மேலே தாழப் பறந்து ஒரு பெரிய பருந்து வந்தது. நாமக்கோழிக் கூட்டம் முழுக்க ஒன்றாகச் சுருண்டு நீரை அடித்தது. சாக்லேட் மாதிரி அடர் பழுப்பு, தலை மட்டும் வெளிறிய பாலாடை நிறம். சிறகை வி எழுத்து மாதிரித் தூக்கி வைத்துக்கொண்டு மிதந்தது. பூனைப்பருந்து என்று மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.

பொரி உள்ளான் (ஜனவரி 19)

படித்துக்கொண்டே வந்தபோது நானும் அந்தக் கரையில் நின்ற மாதிரி இருந்தது டீச்சர். நீங்கள் பார்த்தது சேற்றுப் பூனைப்பருந்து, பெட்டையாகவோ இளசாகவோ இருக்கும். அடர் பழுப்பு உடம்பு, பாலாடை நிறத் தலை, நாணல் மேல் தாழப் பறப்பது, எல்லாம் பொருந்துகிறது. முதுகு முடிந்து வால் தொடங்கும் இடத்தில் வெள்ளைப் பட்டை தெரிந்ததா என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். மற்ற பூனைப்பருந்துப் பெட்டைகளுக்கு அது இருக்கும், இதற்கு இருக்காது.

விருத்தாசலம் டீச்சர் (ஜனவரி 20)

கேட்டுவிட்டேன். நான்கு பேருமே வெள்ளை இல்லை என்கிறார்கள், ஒருத்தி நோட்டில் வரைந்தே வைத்திருக்கிறாள், வால் முழுக்கப் பழுப்பு. திருத்திவிட்டேன். பிப்ரவரி கடைசி ஞாயிறு மறுபடி வருகிறோம், கிழக்குக்கரை ஐயா, அதற்குள் ஓரம் வெளியே வந்துவிட்டால் இங்கே ஒரு வரி போடுங்கள்.

கொல்லைமேடு (ஜனவரி 20)

டீச்சர், பாட்டி ஊரின் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். ஐயனார் சிலையைப் பெயர்த்துக் கொண்டுபோய் வேறு ஊரில் வைத்திருக்கிறார்கள், அது எங்கே என்றும் எழுதியிருக்கிறேன். அங்கேயும் இப்போது நாலைந்து வேம்பு வளர்ந்திருக்கிறது. பிப்ரவரியில் வரும்போது அந்தப் பிள்ளையைக் கூட்டி வாருங்கள், நானும் வருகிறேன்.